பத்து நாளின் கூலி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரும் அந்தக் குறுஞ்செய்தி, தமிழ்நாட்டில் பள்ளிச் சம்பளம் வாங்கும் எல்லா வீடுகளுக்கும் பழக்கமானது. மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுசெய்ய நாளை பள்ளி முழு வேலை நாளாக இயங்கும். செவ்வாய்க்கிழமைப் பாடவேளை பின்பற்றப்படும். இரண்டே வரி. மறுநாள் காலை ஆசிரியர் வருவார், சத்துணவுக் கூடத்தில் அடுப்பு எரியும், பெருக்குபவர் வாசல் தெளிப்பார், மணி அடிக்கும். பிள்ளைகளில் பாதிப் பேர் வருவார்கள். அந்த நாளுக்கு யாருக்கு எவ்வளவு என்று எந்தக் குறுஞ்செய்தியிலும் எழுதியிருக்காது.

அந்தத் தொகையை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். அதற்கு 2024–25 கல்வியாண்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த ஆண்டில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. வெயில் கடுமையால் ஜூன் 6 என்றிருந்த பள்ளித் திறப்பு ஜூன் 10-க்குப் போனது. வந்த நாட்காட்டியில் 220 வேலை நாள். சனிக்கிழமைகளை வைத்து நிரப்பிய எண்ணிக்கை அது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பிறகு 210 ஆனது. இடையில் இருந்த 10 நாள் வந்த வழியே போனது. அந்தப் பத்து நாள் வந்திருந்தால் அதன் விலை என்ன?

முதலில் சட்டம். 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். ஆசிரியருக்கு, பாடத் தயாரிப்பையும் சேர்த்து, வாரத்துக்கு 45 மணி நேரம். 1,000 மணியை 220-ஆல் வகுத்தால் நாளுக்கு 4 மணி 33 நிமிடம். பத்து நாள் என்றால் 45 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த 45 மணி நேரம் உரிமை. இதை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. பிள்ளைக்கு நாள் வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த நாளின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

நிரந்தர ஆசிரியரிடமிருந்து தொடங்குகிறேன், அவர் கணக்குத்தான் தெளிவாக இருக்கிறது. இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. முதுநிலை ஆசிரியருக்கு 36,900. 2024 ஜூலை முதல் அகவிலைப்படி 53 விழுக்காடு. வீட்டு வாடகைப்படியை விட்டுவிட்டால் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 31,518, பட்டதாரி ஆசிரியருக்கு 55,692, முதுநிலைக்கு 56,457. மூவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நாள் கூலியாக மாற்றும்போதே சிக்கல் தொடங்குகிறது. எதனால் வகுப்பது? அரசு அலுவலகம் 30-ஆல் வகுக்கும். பட்டதாரி ஆசிரியரின் ஒரு நாள் அப்போது 1,856 ரூபாய். ஆனால் மாதத்தில் முப்பது நாளும் யாரும் பாடம் நடத்துவதில்லை. பன்னிரண்டு மாதச் சம்பளமான 6,68,304 ரூபாயை 210 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாள் 3,182 ரூபாய். 220 ஆக்கினால் 3,037. சம்பளப் பட்டியலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஒவ்வொரு நாளின் மதிப்பும் 145 ரூபாய் குறைந்துவிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு 1,801 என்பது 1,719 ஆகும். குறைவு 82 ரூபாய். பழைய விகிதத்தில் அந்தப் பத்து நாளுக்கும் கூலி கேட்டால் பட்டதாரி ஆசிரியருக்கு 31,824, இடைநிலை ஆசிரியருக்கு 18,010 ரூபாய்.

மாதச் சம்பளக்காரர் இப்படிக் கேட்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆசிரியருக்குக் கோடை விடுமுறை உண்டு, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் உண்டு, மாதச் சம்பளம் அவற்றையும் சேர்த்தது. ஆனால் அந்த விடுமுறைக்கு அரசு ஏற்கெனவே ஒரு விலையை வசூலித்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. மற்ற அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு. பள்ளிக்கூடம் விடுமுறைத் துறை என்பதால் ஆசிரியருக்கு 17. பதின்மூன்று நாள் குறைவு. 30-ஆல் வகுக்கும் அரசுக் கணக்கிலேயே பட்டதாரி ஆசிரியருக்கு அது ஆண்டுக்கு 24,133 ரூபாய். கோடை விடுமுறைக்கு அவர் கொடுக்கும் கட்டணம் என்று இதைச் சொல்லலாம். கட்டணத்தை அப்படியே வைத்துக்கொண்டு நாட்களை மட்டும் எடுத்தால், கொடுக்கல் வாங்கலில் ஒரு பக்கம் மட்டும் நகர்கிறது.

மத்திய அரசின் 1972 விடுப்பு விதிகள் இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன. விடுமுறைத் துறை ஊழியர் தம் விடுமுறையில் ஒரு பகுதியை எடுக்க முடியாமல் போனால், எடுக்காத நாட்கள் மொத்த விடுமுறையில் எத்தனை பங்கோ, 30 நாளில் அத்தனை பங்கு ஈட்டிய விடுப்பாக அவர் கணக்கில் ஏறும். அறுபது நாள் விடுமுறையில் பத்து நாள் பறிபோனால் ஐந்து நாள் ஏறும். இரண்டுக்கு ஒன்று. தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு சூத்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை இதில் சேராது. சனிக்கிழமை விடுமுறை அல்ல, வார ஓய்வு. அதனால்தான் கூடுதல் நாள் தேடும்போதெல்லாம் கை சனிக்கிழமையின் மேல் போகிறது.

ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணமாக்கும் வழி 2020 ஏப்ரலில், கொரோனாவை முன்னிட்டு, நிறுத்தப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் ஆண்டுக்கு 15 நாள் வரை மறுபடி சரண் செய்யலாம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இடையில் ஐந்தரை ஆண்டு. சரண் செய்யாத விடுப்பு கணக்கில் சேர்ந்துகொண்டுதானே இருக்கும் என்பார்கள். 240 நாள் வரைதான் சேரும். ஆண்டுக்கு 17 நாள் என்றால், விடுப்பே எடுக்காத ஒருவர் பதினான்கு ஆண்டு தாண்டியதுமே அந்த உச்சவரம்பைத் தொட்டுவிடுவார். இருபது ஆண்டு அனுபவமுள்ள, லீவு போடாமல் வந்துகொண்டிருந்த ஆசிரியைக்கு அந்த ஐந்தரை ஆண்டில் ஏற வேண்டியது ஏறவே இல்லை. ஒழுங்காக வந்தவருக்கே நட்டம் அதிகம்.

அந்த அறிவிப்பில் எனக்குப் பயன்பட்ட எண் வேறொன்று. ஏறக்குறைய 8 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பயன்பெறுவார்கள், ஆண்டுக்கு 3,561 கோடி ரூபாய் ஆகும் என்று அரசே சொன்னது. வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 44,512 ரூபாய். பதினைந்து நாளுக்கு. அதாவது ஒரு நாள் 2,967 ரூபாய். ஓர் ஊழியரின் ஒரு நாளுக்கு அரசு தானே போட்ட சராசரி விலை இது. அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் குறைவாகவே, 2 லட்சம் பேர் என்று வைத்து, பத்து நாளால் பெருக்கினால் 593 கோடி. 2024–25-இல் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கியது 44,042 கோடி. அதில் 1.35 விழுக்காடு. நாட்காட்டியில் 210-ஐ 220 என்று திருத்தும்போது பேனா முனையில் இருந்த தொகை அவ்வளவு. ஒதுக்கீட்டுக் கேட்பு எதிலும் இது வராது, கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வாங்குவது இலவசம் என்றால் யார்தான் பத்தோடு நிறுத்துவார்கள்?

டெக்சாஸ் மாநிலத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பார்வை. அங்கே ஆசிரியர் ஒப்பந்தமே நாள் கணக்கில்தான்: பத்து மாத ஒப்பந்தம் குறைந்தது 187 நாள். 2019 சட்டப்படி புதிய ஆசிரியருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 33,660 டாலர். 187-ஆல் வகுத்தால் மீதி இல்லாமல் 180 டாலர். எதனால் வகுப்பது என்ற தகராறு அங்கே கிடையாது; வகுக்கும் எண் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதே 2019 சட்டம், 180 பாட நாளுக்கு மேல் தொடக்க வகுப்புகளை நடத்தும் மாவட்டங்களுக்கு, 30 நாள் வரை, நாளொன்றுக்கு அரை நாள் நிதியை மாநிலம் தரும் என்றது. முழு நாள் நடத்தினால் மீதிப் பாதியை மாவட்டம்தான் தேட வேண்டும், குறையான ஏற்பாடுதான். இருந்தாலும் நாளைக் கூட்டும் கை, பணப்பையையும் கொஞ்சமாவது திறக்க வேண்டியிருக்கிறது.

அரசுக்காகப் பள்ளிக்கு வெளியே உழைக்கும் நாட்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஆசிரியரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் அழைக்க அனுமதிக்கிறது. 2024 ஏப்ரல் 19-இல் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் நடந்தபோது வாக்குச்சாவடித் தலைமை அலுவலருக்குத் தேர்தல் ஆணையத்தின் விகிதம் நாளுக்கு 350 ரூபாய். வாக்குப்பதிவு அலுவலருக்கு 250. சரண் கணக்கில் 1,856 ரூபாய் பெறும் அதே பட்டதாரி ஆசிரியர், முதல் நாளே போய் இயந்திரத்தோடு வாக்குச்சாவடியில் படுத்து, மறுநாள் இரவு பெட்டியை ஒப்படைத்துவிட்டு வருவதற்கான மதிப்பூதியம். 2025 ஆகஸ்டில் இது 500, 400 என உயர்ந்தது. வாக்குச்சாவடி நிலை அலுவலருக்கு ஆண்டுக்கு 6,000 என்றிருந்தது 12,000 ஆனது, மாதம் ஆயிரம். மாதச் சம்பளம் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறதே, இது மேல்வரும்படிதானே என்பது இதற்கான பதில். வகுப்பை முடித்துவிட்டு வீடு வீடாகப் படிவத்தோடு போகும் ஆசிரியைக்கு அந்தப் பதில் ஏற்காது. அவர் விற்பது சாயங்காலத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும்.

இதுவரை பார்த்தவர்கள் ஓரளவு நன்றாக இருப்பவர்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அகவிலைப்படி ஏறுகிறது, 220 என்றால் 210 ஆக்கும் வலு இருக்கிறது. அதே பள்ளிக்கூடத்துக்குள் இன்னும் கீழே போக வேண்டும்.

பகுதிநேர ஆசிரியர்கள். 2011 நவம்பரில் வந்த அரசாணை 177-இன்படி 16,549 பேர் 2012-இல் சேர்ந்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி, தோட்டக்கலை, வாழ்வியல் திறன். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 12 அரை நாள், சம்பளம் 5,000 ரூபாய். ஓர் அரை நாளுக்கு 416 ரூபாய். பிறகு 7,000, 7,700, 2021-இல் 10,000, 2024 ஜனவரியில் 12,500. அரை நாள் அப்போது 1,041 ரூபாய் ஆனது. பார்க்கப் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் அரை நாள் என்பது வேறு எங்கும் விலை போகாத பண்டம். திங்கள் காலையும் புதன் மதியமும் வெள்ளி காலையும் ஒரு கிராமத்துப் பள்ளியில் இருக்க வேண்டியவருக்கு மீதி நேரத்துக்கு யார் வேலை தருவார்கள்? அரை நாளைக் கொடுத்தவர் உண்மையில் வாரத்தைக் கொடுத்துவிட்டார்.

2024–25-இலும் மே மாதத்தில் அவருக்குச் சம்பளம் இல்லை. வேலை இல்லை, கூலி இல்லை என்பது அரசின் வாதமாக இருந்தது. அப்படிப் பார்த்தால் இந்தப் பணி நாள் கூலி. அதே சமயம் ஜூன் மாதம் பள்ளி பத்தாம் தேதி திறந்தாலும், டிசம்பரில் புயலுக்குப் பள்ளி மூடினாலும், சனிக்கிழமை கூடுதலாகத் திறந்தாலும் தொகை அதே 12,500. அப்படிப் பார்த்தால் மாதச் சம்பளம். விடுமுறை வரும்போது நாள் கூலி, கூடுதல் நாள் வரும்போது மாதச் சம்பளம். ஒரே வேலைக்கு இரண்டு கணக்குப் புத்தகம் வைத்து, எது குறைவோ அதைத் திறந்து காட்டுகிற ஏற்பாடு இது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

பதினொரு மாதத்துக்கு 1,37,500 ரூபாய். பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 11,458. பதவியில் மிஞ்சியிருப்பவர்கள் சுமார் 12,000 பேர். மற்றவர்கள் இறந்தும் ஓய்வு பெற்றும் விட்டுவிட்டும் போனார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிகளில் 181-ஆவது எண்ணை இவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பணி நிரந்தரம் அது. நிரந்தரத்தை விடுங்கள். 2025 மே மாதத்துக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்திருந்தால்? 12,000 பேர், 12,500 ரூபாய்: 15 கோடி. துறையின் ஆண்டு ஒதுக்கீட்டில் 0.034 விழுக்காடு. மே மாதத்திலும் ஜூன் முதல் வாரத்திலும் நோட்டுப் புத்தகமும் சீருடையும் இவர்கள் பிள்ளைகளுக்கும் வாங்கத்தானே வேண்டியிருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழு மூலம் 2022-இல் எடுக்கப்பட்ட தற்காலிக ஆசிரியர்களைப் பற்றி ஒரு வரி போதும், ஏனென்றால் எண்ணே பேசும். 13,331 இடங்கள், இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000. பிறகு 12,000, 15,000, 18,000 ஆக உயர்ந்தது. ஒரே ஆசிரியர் அறை, ஒரே பாட நூல், பக்கத்துப் பக்கத்து வகுப்பு. ஒருவருக்கு 55,692, மற்றவருக்கு 15,000. சனிக்கிழமை இருவரும் வருகிறார்கள்.

இனி சமையல் கூடம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான்.

பி.எம். போஷண் என்று இன்று பெயர் மாறியிருக்கும் மதிய உணவுத் திட்டத்தில் மத்திய அரசின் அளவுகோல் இப்படி: 25 பிள்ளை வரை ஒரு சமையலர், 100 பிள்ளை வரை இருவர், அதன்மேல் நூற்றுக்கு ஒருவர் கூடுதல். மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், ஆண்டில் 10 மாதம் மட்டும். இந்த ஆயிரம் 2009-இல் நிர்ணயித்தது. மத்திய அரசின் பங்கு 600, மாநிலத்தின் பங்கு 400. நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். பல மாநிலங்கள் தம் பணத்தைச் சேர்த்துக் கொடுக்கின்றன. சேர்க்காத இடத்தில் ஆயிரமேதான்.

ஆண்டுக்கு 10,000 ரூபாய். 210 நாளால் வகுத்தால் நாளுக்கு 47 ரூபாய் 62 பைசா. 220 நாள் ஆக்கினால் 45 ரூபாய் 45 பைசா. ஆசிரியருக்கு 145 ரூபாய் குறைந்தது என்று மேலே எழுதினேன்; அவருக்கு அது வருத்தம். இவருக்கு 2 ரூபாய் 17 பைசா குறைகிறது. இவர் அதைச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார்.

இதையே பண்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2009 டிசம்பரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு, பருப்பு, காய்கறி, எண்ணெய், விறகு எல்லாம் சேர்த்து, நாளுக்கு 2 ரூபாய் 50 பைசா. 2022-இல் 5.45. 2024 டிசம்பர் 1 முதல் 6.19. 2025 மே 1 முதல் 6.78. இதுவும் போதாத தொகைதான். ஆனாலும் 2009-இலிருந்து 2.7 மடங்கு ஏறியிருக்கிறது. பருப்புக்கு ஏறிய விகிதத்தில் சமைக்கும் கைக்கும் ஏறியிருந்தால் ஆயிரம் ரூபாய் 2,712 ஆகியிருக்கும். விலைவாசி கடைக்காரரிடம் இருக்கிறது என்று அரசுக்குத் தெரிகிறது. அந்தக் கடைக்காரரிடம்தான் சமையல்கார அம்மாவும் தம் வீட்டுக்கு வாங்குகிறார்.

100 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில், 2025 ஜனவரியில், மழைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடப்பதாக வைத்து, மத்திய விகிதப்படி அந்த ஒரு நாளின் பற்று எழுதினால்:

அரிசி, தலைக்கு 100 கிராம் – 10 கிலோ
மளிகை, காய்கறி, எரிபொருள் – 619 ரூபாய்
சமையலர் இருவர் – 0

பத்து நாளுக்கு எழுதினாலும் அரிசி 100 கிலோ, மளிகை 6,190 ரூபாய், மூன்றாவது வரி மாறாது. உப்புக்கு நாள் கணக்கு, கைக்கு மாதக் கணக்கு. விடுமுறை மாதம் இரண்டுக்கும் கையின் கணக்கும் நின்றுவிடும். பத்து மாதத்தைப் பன்னிரண்டாக்க, அதே ஆயிரம் ரூபாய் வீதம், நாடு முழுவதற்கும் ஆகக்கூடியது 500 கோடி. தமிழ்நாட்டு அரசு ஊழியர் விடுப்புச் சரணுக்கு ஓராண்டில் ஒதுக்கியதில் ஏழில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல். 1982 ஜூலை 1-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்கு இங்கே தனி வரலாறும், தனி ஊதிய விகிதமும் இருக்கின்றன. சிறப்புக் காலமுறை ஊதியம் என்று பெயர்: அமைப்பாளருக்கு 7,700-இல் தொடங்கி 24,200 வரை, சமையலருக்கு 4,100-இலிருந்து 12,500, சமையல் உதவியாளருக்கு 3,000-இலிருந்து 9,000. 2024 டிசம்பரில் காலியாக இருந்த 8,997 சமையல் உதவியாளர் இடங்களை நிரப்ப அரசு ஆணையிட்டது. தொகுப்பூதியம் 3,000 ரூபாய். ஓராண்டு முடித்தால் சிறப்புக் காலமுறைக்குப் போகலாம். அதுவும் 3,000-இல்தான் தொடங்கும்.

அந்த 8,997 இடங்களும் காலியாக இருந்த நாளில் அங்கே வேலை நடக்காமல் இல்லை. அரிசி களைந்தார்கள், முட்டை அவித்து உரித்தார்கள், அண்டா கழுவினார்கள். இருந்தவர் இரண்டு ஆள் வேலை செய்தார். கூடுதல் நாள் என்பது நாட்காட்டியில் மட்டும் வருவதல்ல. ஒரே நாளுக்குள் இன்னொரு நாள் வேலையை மடித்து வைப்பதும் கூடுதல் நாள்தான். அதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

3,000 ரூபாயை மாதம் 20 நாளால் வகுத்தால் 150. நான்கு சனிக்கிழமையும் பள்ளி நடந்து 24 நாள் ஆனால் 125. அதே 2024–25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். ஏரிக்கரையில் ஒன்பதரை நாள் மண் வெட்டினால் சமையல் உதவியாளரின் ஒரு மாதச் சம்பளம் வந்துவிடும். நூறு நாள் கூலி முழுதாக ஒருவர் கைக்கு எப்போதும் வருவதில்லை என்பது தெரியும். ஆனாலும் அது நாள் கூலி. இன்னொரு நாள் வேலை என்றால் இன்னொரு 319 எழுத வேண்டியிருந்தது.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அதே 2024–25-இல் அங்கும் 220 வேலை நாள் வந்தது. 25 சனிக்கிழமைகளை வேலை நாளாக்கி நாட்காட்டி போட்டார்கள். ஆசிரியர் அமைப்புகள் வழக்குப் போட்டு, 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இரு மாநிலங்களிலும் ஆசிரியர் சங்கங்கள் கேட்டது ஒன்றுதான். ஆனால் சமையல் கூடத்தில் ஒரு வேறுபாடு இருந்தது. கேரளத்தில் பள்ளிச் சமையலருக்கு நாள் கூலி, குறைந்தது 600 ரூபாய். பாக்கி மாதக்கணக்கில் நிற்கிறது என்று அவர்களும் போராடியிருக்கிறார்கள். ஆனால் ஒரு சனிக்கிழமை பள்ளி திறந்தால் அங்கே கணக்கில் 600 ஏறும். 25 சனிக்கிழமைக்கு 15,000 ரூபாய். நாட்காட்டி போடுகிறவர் அந்தத் தொகையைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் 220, 210 ஆன செய்தியைப் பத்திரிகைகள் ஆசிரியர்களுக்குக் கிடைத்த வெற்றியாகவே எழுதின. சத்துணவுப் பணியாளருக்கும் பத்து நாள் மிஞ்சியது என்று எந்தச் செய்தியிலும் படித்த நினைவில்லை. யாரும் அவர்களைக் கேட்டுக் கூட்டவில்லை, கேட்டுக் குறைக்கவும் இல்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது விழுப்புரம், கடலூர் பக்கம் பள்ளிக்கூடங்கள்தான் முகாம்கள். பள்ளிக்கு விடுமுறை, கூடத்தில் மக்கள். அடுத்தடுத்த வாரங்களில் விட்ட நாளை ஈடுசெய்யும் பேச்சு வந்தது. பாடத்துக்கு ஈடு சனிக்கிழமை.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. ஆசிரியரின் பத்து நாளுக்கு 593 கோடி என்பது பெரிது. அதைப் பணமாகத் தர முடியாவிட்டால் ஈடுசெய் விடுப்பாகத் தரலாம், விடுப்புக் கணக்கில் ஏற்றலாம், அவர்கள் சங்கம் பேசிக்கொள்ளும். பகுதிநேர ஆசிரியரின் 2025 மே மாதம் 15 கோடி. சமையல் கூடத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: 210-க்கு மேல் பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும், அந்த ஆண்டின் நூறு நாள் வேலைக் கூலியை, பருப்புச் செலவு எழுதும் அதே பதிவேட்டில், அடுத்த வரியில் எழுத வேண்டும். நிரப்ப ஆணையிட்ட அந்த 8,997 உதவியாளர் இடங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 319, பத்து நாள், ஆளுக்கு 3,190. அவர்களுடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட 190 ரூபாய் கூடுதல். எல்லோருக்கும் சேர்த்து 2 கோடியே 87 லட்சத்து 430 ரூபாய்.